லண்டா, கிரெஸ்ட்லைனரா, டிராக்கரா? அலுமினியப் படகு வாங்கும் முன் இதைப் பாருங்க!

அமெரிக்காவின் மினசோட்டா, கனடாவின் ஒன்டாரியோ பக்கம் போனால், வீட்டு வாசலில் காருக்குப் பக்கத்திலேயே டிரெய்லரில் அலுமினியப் படகு நிற்பதைப் பார்க்கலாம். நம்மூர் கடற்கரைக்கு ஃபைபர் படகு எப்படியோ, அங்குள்ள ஏரிகளுக்கு இது அப்படி. எடை குறைவு. பாறையில் இடித்தாலும் பெரும்பாலும் நசுங்குமே தவிர உடையாது.

ஆனால் 'எந்த பிராண்டு?' என்று கேட்டுவிட்டால் போதும், ரசிகர் மன்றச் சண்டைதான்.

ஒரே முதலாளி, ரெண்டு கட்சி

கிரெஸ்ட்லைனர் 1946-லும், லண்ட் 1948-லும் மினசோட்டாவில் தொடங்கப்பட்டவை. இந்த இரண்டையும், கூடவே லோ என்ற பிராண்டையும், 2004-ல் பிரன்ஸ்விக் நிறுவனம் வாங்கிவிட்டது. மெர்குரி எஞ்சினும் இவர்களுடையதுதான். ஆக, 'லண்டா, கிரெஸ்ட்லைனரா' என்று மண்டையை உடைத்துக்கொண்டாலும் பணம் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்!

டிராக்கர் கதை வேறு. பாஸ் புரோ ஷாப்ஸ் நிறுவனர் ஜானி மோரிஸ் 1978-ல் படகு, மோட்டார், டிரெய்லர் மூன்றையும் சேர்த்து ஒரே விலைக்கு விற்கத் தொடங்கினார். முதல் படகு வாங்குபவர்களை இந்த பேக்கேஜ் இன்றும் இழுக்கிறது.

ரிவெட்டா, வெல்டிங்கா?

பிராண்டு சண்டையின் அடிப்படையே இதுதான். லண்ட் பெரும்பாலும் ரிவெட் அடித்தது, கிரெஸ்ட்லைனர் வெல்டிங் செய்தது. பல வருஷம் அலையில் அடிபட்டால் ரிவெட் தளர்ந்து தண்ணீர் கசியலாம். ஆனால் அதைத் திரும்ப இறுக்குவது பெரிய வேலை இல்லை. வெல்டிங்கில் அந்தக் கசிவுத் தொல்லை கிடையாது. விரிசல் விட்டால் மட்டும், அலுமினிய வெல்டிங்கில் கைதேர்ந்தவரைத் தேடிப் போக வேண்டும். இரண்டிலுமே நல்ல படகு உண்டு, ஓட்டைப் படகும் உண்டு.

அதைவிட முக்கியம், எந்தத் தண்ணீரில் ஓட்டப்போகிறீர்கள் என்பது. ஆழமில்லாத ஆறு, குட்டை என்றால் தட்டையான அடிப்பாகம் கொண்ட ஜான் படகு போதும். அதே படகை அலை அடிக்கும் பெரிய ஏரிக்குக் கொண்டுபோனால் ஆபத்து. அங்கே 'வி' வடிவ அடிப்பாகமும் உயரமான பக்கச் சுவரும் வேண்டும்.

பழைய படகா? பின்பக்கம் போய் நில்லுங்க

மோட்டாரைத் தாங்கும் பின்பலகைக்கு டிரான்சம் என்று பெயர். பல படகுகளில் இதன் உள்ளே ப்ளைவுட்தான் இருக்கும். வெளியே பளபளவென்று பெயின்ட், உள்ளே மரம் உளுத்துப் போயிருக்கும். மோட்டாரின் அடிப்பகுதியைப் பிடித்து மெதுவாக மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். பின்பலகை சேர்ந்து வளைந்தால், விலை பேசாமல் திரும்பிவிடலாம். 'புதுப் பலகை மாற்றியாச்சு' என்று சொன்னால் என்ன பலகை என்று கேளுங்கள். உளுக்காமல் இருக்க செம்பு கலந்த ரசாயனம் ஏற்றிய மரம், ஈரத்தில் அலுமினியத்தை அரித்துவிடும்.

கசிவைக் கண்டுபிடிக்க எளிய வழி: படகு டிரெய்லரில் இருக்கும்போதே கணுக்கால் அளவு தண்ணீர் விட்டு, அடியில் எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள். விற்பவர் இதற்கு மறுத்தால் அதுவே ஒரு பதில்தான்.

அந்தச் சின்னத் தகடு

அமெரிக்காவில் 20 அடிக்குக் குறைவான மோட்டார் படகில் எத்தனை பேர், எவ்வளவு எடை, எத்தனை குதிரைத்திறன் என்று சொல்லும் தகடு இருக்க வேண்டும். எடைக் கணக்கில் ஆட்கள் மட்டுமல்ல, மோட்டார், பொருட்களும் சேரும். 'இன்னும் ஒருத்தர்தானே' என்று ஏற்றிக்கொள்ளும்போதுதான் குளிர்ந்த ஏரியில் படகு கவிழ்கிறது.

பின்பக்கம் வலது மூலையில் 12 எழுத்து, எண் கொண்ட அடையாளக் குறியீடும் இருக்கும். அதன் கடைசி இரண்டு இலக்கம்தான் மாடல் ஆண்டு. விளம்பரத்தில் 2019 என்று போட்டு, குறியீட்டில் 14 என்று இருந்தால் விற்பவரிடம் அங்கேயே விளக்கம் கேளுங்கள்.

கடலிலும் ஓட்டும் எண்ணம் இருந்தால், அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளும் ஆனோடு கட்டைகளையும் பாருங்கள். உப்புத் தண்ணீருக்குத் துத்தநாகம், ஏரிக்கு மெக்னீசியம். பாதிக்கு மேல் கரைந்திருந்தால் முதலில் அதை மாற்றிவிட்டுத்தான் தண்ணீரில் இறக்க வேண்டும்.