மலையகத் தோட்டக் கோயில்களில் ஊதியமில்லா உழைப்பு

இலங்கை மலையகத்தின் நுவரெலியா, அட்டன் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் கோயில் கட்டுவது, பேணுவது, திருவிழா எடுப்பது எல்லாம் பெரும்பாலும் தொழிலாளர்களின் கூலியில்லா உழைப்பில் நடப்பவை. 19ஆம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து முதலில் கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்கும் வந்தவர்கள், லயங்கள் எனும் வரிசைக் குடியிருப்புகளை ஒட்டி மாரியம்மனுக்கும் முனியாண்டிக்கும் இடம் அமைத்தனர். மரத்தடிக் கல்லும் சூலமுமாக இருந்தவை பல, பிற்காலத்தில் கட்டடக் கோயில்களாயின.

தொடக்கத்தில், தொழிலாளர்களைத் திரட்டி மேற்பார்த்த பெரிய கங்காணியே விழாவை முன்னின்று நடத்தினார். முதல் மரியாதையும் அவருக்கே. கங்காணி முறை தளர்ந்தபின் அப்பொறுப்பு கோயில் கமிட்டிக்கும் தொழிற்சங்கத் தோட்டத் தலைவர்களுக்கும் வந்தது. பல தோட்டங்களில் விழாப் பணம் செக்ரோல் எனும் சம்பளப் பதிவேட்டின் வழியாகச் சம்பளத்திலேயே பிடிக்கப்படுகிறது. எல்லார் பெயரிலும் பிடிக்கும் பணத்தைத் தன்னார்வக் கொடை என்று சொல்வது கடினம். விரும்பித் தருவது உடலுழைப்பைத்தான். கொழுந்து நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பிய பெண்கள் கோயில் கூட்டி மெழுகுகிறார்கள், அன்னதானத்துக்கு அரிசி புடைக்கிறார்கள். ஆண்கள் விறகு பிளந்து பந்தல் போட்டுத் தேர் அலங்கரிக்கிறார்கள். கமிட்டியில் மட்டும் பெண்களை அரிதாகவே காணலாம்.

இவ்வுழைப்பு செறிந்து வெளிப்படுவது மாசி மாதக் காமன் கூத்தில். அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றுவது முதல் பௌர்ணமியை ஒட்டிய மன்மத தகனம் வரை இரவுதோறும் ஆட்டம் நீளும். ரதி, மதன், வீரபத்திரன், எமன் வேடங்களை நேர்த்திக்கடனாக ஏற்பவர்கள் உண்டு. கூத்து வாத்தியார் அவர்களைப் பழக்குவார். விடிந்தால் அவர்களுக்கும் தொழிலாளர்கள் காலையில் கூடும் பிரட்டுக்களத்தில் பெயர் கொடுக்கும் வேலை இருக்கிறது. கூத்துக்குத் தப்புப் பறை அடிப்பது மட்டும் நெடுங்காலம் ஒரு சாதியின் கடமையாகச் சுமத்தப்பட்டது. அதை விருப்பப்பணிக் கணக்கில் சேர்க்க முடியாது.

தோட்டங்களில் கிறித்தவப் பணியின் தொடக்கம் இக்கோயில்களினின்றும் வேறு. 1854இல் உருவான தமிழ்க் கூலி மிஷன் தோட்டத்துரைமாரின் ஆதரவோடு எழுந்தது. 1972இல் இயேசு சபைத் துறவி பால் கஸ்பர்ஸ் கண்டியில் நிறுவிய சத்தியோதய நிலையமோ தொழிலாளர் உரிமையை முன்வைத்து, இன, மத எல்லை கடந்து பலரையும் சேர்த்துக்கொண்டது.

இன்று இளைஞர் பலர் கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை பார்க்கிறார்கள். கோயில் திருவிழாவுக்கு விடுப்பெடுத்து வருவோர் சில நாள் பணியில் சேர்கிறார்கள். வர இயலாதோர் பணம் அனுப்புகிறார்கள். முன்பு கூடிச் செய்த பந்தல், ஒலி, ஒளி வேலைகள் சில இப்போது வாடகைக்கு எடுக்கப்படுகின்றன.