யாரைக் கேட்டார்கள்?

திண்டிவனத்தில் ரயில் ஏறி, விழுப்புரத்தில் இறங்கிப் புதுச்சேரி வண்டிக்குக் காத்திருக்கும்போதெல்லாம் எனக்கு உட்ரோ வில்ஸனின் நினைவு வரும். அமெரிக்க ஜனாதிபதிக்கும் விழுப்புரம் ஜங்ஷனுக்கும் என்ன சம்பந்தம் என்று வாசகர்கள் கேட்கலாம். இருக்கிறது.

முதல் உலக யுத்தம் ஓயுமுன்பே, 1918 ஜனவரி 8ஆம் தேதி, நிலையான சமாதானத்துக்கு வேண்டிய பதினான்கு அம்சங்களை வில்ஸன் வெளியிட்டார். ரகசிய உடன்படிக்கை கூடாது, ஆயுதங்கள் குறைய வேண்டும், தேசங்களுக்கு ஒரு பொதுச் சங்கம் வேண்டும் என்றெல்லாம் அதில் உண்டு. ஐந்தாவது அம்சம்தான் நம்மைத் தொடுவது. காலனிகளைப் பற்றித் தீர்மானிக்கையில், ஆளும் சர்க்காரின் கோரிக்கைக்குள்ள கனம் அங்கே வாழும் ஜனங்களின் நலனுக்கும் உண்டு என்பது அதன் சாரம்.

இந்தச் சீமைக்கு அது புதிய பேச்சு. திண்டிவனத்துக்கு வடக்கே, வந்தவாசியில், 1760இல் ஆங்கிலேயர் பிரெஞ்சுக்காரரை முறியடித்தார்கள். மறு வருஷம் புதுச்சேரி விழுந்தது. 1763இல் பாரிஸ் உடன்படிக்கை அதைத் திருப்பிக் கொடுத்தது. இங்கே நெல் விளைவித்த குடியானவனை யார் கேட்டார்கள்?

வில்ஸன் பேசுவதற்கு முன்பே, 1917 ஜூனில், நம்மவர் ஒருவர் அவருக்கு எழுதிவிட்டார். ஹைகோர்ட் ஜட்ஜாயிருந்து ஓய்வு பெற்ற ஸர் எஸ். சுப்பிரமணிய ஐயர், வயது எழுபத்து நாலு. ஹோம்ரூல் கேட்ட அந்தக் கடிதத்தை ஓர் அமெரிக்கத் தம்பதி எடுத்துச் சென்றார்கள். விஷயம் வெளிவந்ததும் இந்தியா மந்திரி மாண்டேகு பார்லிமெண்டில் கடிந்து பேசினார். ஐயர் ஸர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் உதறிவிட்டார். நான் நாவலில் இப்படி எழுதியிருந்தால் மிகை என்பார்கள்.

1918 நவம்பர் 11இல் யுத்தம் நின்றது. ஒன்பதே நாளில், பத்து வருஷம் புதுச்சேரியில் அடைக்கலமிருந்த பாரதியார் பிரிட்டிஷ் எல்லைக்குள் காலடி வைத்தார். கைது செய்து கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். விழுப்புரமும் திண்டிவனமும் அன்று அடங்கியிருந்த தென்னார்க்காடு ஜில்லாவுக்குத் தலைநகர் அந்தக் கடலூர்தான். மறு வருஷம் வெர்ஸேல்ஸில் இந்தியாவுக்காகக் கையெழுத்திட்டவர்கள் பிகானீர் மகாராஜாவும், அதே மாண்டேகுவும்! காங்கிரஸ் மகாசபை பெயர் குறித்த திலகருக்கு அங்கே இடமில்லை.

கேட்டது 1954 அக்டோபர் 18இல். விழுப்புரத்துக்குக் கிழக்கே, புதுச்சேரியைச் சேர்ந்த கீழூர் என்ற சிற்றூரில், பிரெஞ்சிந்திய ஜனப்பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். நவம்பர் முதல் தேதியே நிர்வாகம் கை மாறியது. சட்டப்படி முடிய 1962 ஆகஸ்ட் 16 வரை இழுத்தது. பழைய வழக்கம் சட்டென்று போகுமா?

இந்தியாவோடு சேர 170 வாக்குகள். எதிராக எட்டு. அந்த எட்டையும் எண்ணி அறிவித்தார்களே, அதுதான் எனக்குப் பிடித்தது.