மணல், செங்கல், சிமெண்டு விலை ஏன் ஏறுது? லோடு வாங்கும்போது ஏமாறாமல் இருப்பது எப்படி?

வீடு கட்ட இறங்கும் ஏழை, நடுத்தர குடும்பங்களின் கையில் இருப்பது கணக்கு போட்ட பணம். சீட்டு எடுத்த பணம், நகையை அடகு வைத்த பணம், அரசு தரும் உதவித்தொகை. இது எதுவும் கூடாது. ஆனால் மணல், ஜல்லி, கம்பி விலை மட்டும் வாரத்துக்கு ஒரு பேச்சு பேசும். பல வீடுகள் லிண்டல் மட்டத்திலேயே நின்று போவதற்கு இதுதான் காரணம்.

உதாரணமாக, 2024-ல் தமிழக அரசு அறிவித்த கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு ரூ.3.50 லட்சம் என்று கணக்கு போடப்பட்டது. மார்க்கெட்டில் விலை ஏறினால் அந்த கூடுதல் பணத்துக்கு வீட்டுக்காரர்தான் கடன் வாங்கி ஓட வேண்டும்.

விலையை நாம் தடுத்து நிறுத்த முடியாது. ஆனால் கொடுத்த காசுக்கு அளவும் தரமும் சரியாக வருகிறதா என்று பார்க்க முடியும். அதற்கு ஒரு டேப்பும், ஒரு தராசும், கொஞ்சம் கணக்கும் போதும்.

கிராக்கி எங்கிருந்து வருகிறது?

2011-ம் ஆண்டு மக்கள்தொகை கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 100 பேரில் 48 பேர் நகரத்தில் வசித்தார்கள். 2001-ல் இது 44. சென்னையை சுற்றி கூடுவாஞ்சேரி, ஸ்ரீபெரும்புதூர், திருவள்ளூர் என்று ஏரியோரமும் வயலோரமும் மனைகளாகி விட்டன. தனி வீடு கட்டுபவரும், அடுக்குமாடி கட்டும் பில்டரும், பாலம் கட்டும் காண்டிராக்டரும் ஒரே குவாரி வாசலில்தான் நிற்கிறார்கள். மொத்தமாக எடுப்பவருக்கு முதல் மரியாதை. ஒரு லோடு, இரண்டு லோடு கேட்பவர் கடைசி வரிசை.

கல், மண் எல்லாம் எடை அதிகமான சரக்கு. தூரத்தில் இருந்து கொண்டு வந்தால் சரக்கு விலையை லாரி வாடகை தின்று விடும். அதனால்தான் ஊருக்கு ஊர் விலை மாறுது. உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கம் உள்ள கல்குவாரியில் வேலை நின்றால் சென்னை புறநகரில் உடனே ஜல்லிக்கு தட்டுப்பாடு வந்து விடுகிறது.

ஆற்று மணல் போன கதை

2003-ல் ஆற்று மணல் குவாரிகளை தமிழக அரசே எடுத்து நடத்த தொடங்கியது. பொதுப்பணித்துறை பொறுப்பு ஏற்றது. 2017-ல் ஆன்லைன் முன்பதிவு வந்தது. அதே ஆண்டு மலேசியாவில் இருந்து கப்பலில் மணல் வந்து தூத்துக்குடி துறைமுகத்தில் இறங்கியது. காவிரியும் பாலாறும் ஓடும் மாநிலத்துக்கு கடல் தாண்டி மணல் வந்ததை மக்கள் வியப்போடு பார்த்தார்கள்.

2023 செப்டம்பரில் மணல் குவாரிகளில் அமலாக்கத்துறை சோதனை நடத்தியது. அதன் பிறகு ஆற்று மணல் வரத்து பெருமளவு குறைந்து போனது. கருங்கல்லை உடைத்து தயாரிக்கும் எம்-சாண்ட்தான் இப்போது பெரும்பாலான வீடுகளுக்கு கை கொடுக்கிறது. பூச்சு வேலைக்கு அதையே நைசாக சலித்து பி-சாண்ட் என்று விற்கிறார்கள்.

2025 ஏப்ரலில் கனிமவள நில வரி அமலுக்கு வந்ததும் குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் ஸ்டிரைக்கில் குதித்தார்கள். எம்-சாண்ட், ஜல்லி விலை எகிறியது. கட்டிட வேலை நின்று கொத்தனார், சித்தாள் எல்லாம் வேலை இல்லாமல் தவித்தார்கள். அமைச்சருடன் பேச்சுவார்த்தை நடந்த பிறகு, ஏற்றிய விலையில் யூனிட்டுக்கு ரூ.1,000 குறைக்க உரிமையாளர்கள் சம்மதித்தார்கள்.

செங்கலுக்கு சீசன்

செங்கல் சூளைக்கு வெயில்தான் முதலாளி. வடகிழக்கு பருவமழை ஓய்ந்து தை பிறந்த பிறகு கல் அறுக்க தொடங்குவார்கள். கோடை முடியும் வரை வேலை மும்முரமாக நடக்கும். திருவள்ளூர் பக்கத்து சூளைகளில் ஒடிசாவில் இருந்து குடும்பம் குடும்பமாக வந்து தங்கி வேலை செய்கிறார்கள். மழைக்காலத்தில் பச்சைக்கல் காயாது. இருப்பில் உள்ள கல்லைத்தான் விற்க வேண்டும். அப்போது விலை தானாக ஏறும்.

கோவை தடாகம் பள்ளத்தாக்கில் அனுமதி இல்லாமல் நடந்த செங்கல் சூளைகள் 2021-ல் மூடப்பட்டன. இடமும் வசதியும் இருப்பவர்கள் சித்திரை, வைகாசியிலேயே கல்லை வாங்கி அடுக்கி விடுவது லாபம்.

சிமெண்டு விலை மர்மம்

அரியலூர் மண்ணில் சுண்ணாம்புக்கல் கொட்டிக் கிடக்கிறது. சிமெண்டு ஆலைகளும் வரிசையாக நிற்கின்றன. அப்படி இருந்தும் தமிழ்நாட்டில் விலை குறைந்தபாடில்லை என்பது மக்களின் பழைய புகார். 2012-ல் இந்திய போட்டி ஆணையம், கூட்டு சேர்ந்து விலை ஏற்றியதாக 11 சிமெண்டு நிறுவனங்களுக்கு ரூ.6 ஆயிரம் கோடிக்கு மேல் அபராதம் விதித்தது. நிறுவனங்கள் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தன.

2014-ல் அம்மா சிமெண்டு திட்டத்தை அரசு அறிவித்தது. அதில் மூட்டை விலை ரூ.190. 2021-ல் அரசு நிறுவனமான டான்செம் 'வலிமை' சிமெண்டை கொண்டு வந்தது.

2025 செப்டம்பர் 22-ந்தேதி முதல் சிமெண்டுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாக குறைந்தது. வரி இல்லாமல் ரூ.300 வரும் மூட்டைக்கு முன்பு வரி ரூ.84. குறைத்த பிறகு ரூ.54. மூட்டைக்கு 30 ரூபாய் மிச்சம். பில் வாங்கினால்தான் இந்த குறைவு நம் கைக்கு வந்ததா, கடைக்காரர் பைக்கு போனதா என்று தெரியும்.

எவ்வளவு சரக்கு தேவை?

மேஸ்திரிகள் போடும் தோராய கணக்கு இது. ஒரு சதுர அடிக்கு சிமெண்டு 0.4 மூட்டை, கம்பி மூன்றரை கிலோ, மணல் 1.8 கன அடி, ஜல்லி 1.35 கன அடி.

360 சதுர அடி வீடு என்றால் சிமெண்டு 144 மூட்டை, கம்பி ஒன்றே கால் டன், மணல் ஆறரை யூனிட், ஜல்லி 5 யூனிட் வரும். அஸ்திவாரம் ஆழமானால், மண் களிமண்ணாக இருந்தால் கூடும். இதைவிட ரொம்ப அதிகமாக யாராவது கேட்டால் ஏன் என்று கேளுங்கள்.

லாரியில் ஏறி அளந்து பாருங்க

100 கன அடி என்பது ஒரு யூனிட். லாரி தொட்டியின் உள் நீளம், அகலம், சரக்கு நிற்கும் உயரம் மூன்றையும் அடியில் அளந்து பெருக்கி 100-ஆல் வகுத்தால் யூனிட் வந்து விடும்.

14 அடி நீளம், 7 அடி அகலம், 3 அடி உயரம் என்றால் 294 கன அடி. ஏறக்குறைய 3 யூனிட். அதே லாரியில் உயரம் அரை அடி குறைந்தால் 245 கன அடிதான். அரை யூனிட் போச்சு. நடுவில் குவித்து ஓரத்தில் பள்ளமாக விட்டிருந்தால் கொட்டுவதற்கு முன் சமப்படுத்த சொல்லி அளக்க வேண்டும். கொட்டிய பிறகு சண்டை போட்டு பயன் இல்லை.

ஈர மணல் உப்பி நிற்கும். காய்ந்த மணலை விட 20 சதவீதத்துக்கு மேல் கூட அதிகமாக தெரியும். ஈரமாக வரும் லோடை முழு அளவாக கணக்கு போடாதீங்க.

எம்-சாண்டா, கிரஷர் தூளா?

சில இடங்களில் ஜல்லி உடைக்கும்போது விழும் தூளையே எம்-சாண்ட் என்று தலையில் கட்டி விடுவார்கள். கையில் எடுத்து தேய்த்து பாருங்கள். உள்ளங்கையில் மாவு போல அப்பிக்கொண்டால் சந்தேகம். கண்ணாடி டம்ளரில் பாதி மணலும் மீதி தண்ணீரும் ஊற்றி கலக்கி சில மணி நேரம் வையுங்கள். மேலே தடிமனாக சேறு படிந்தால் தூள் அதிகம். பொதுப்பணித்துறை தரச்சான்று பெற்ற ஆலையின் சரக்கா என்று கேளுங்கள். லாரியில் நடைச்சீட்டு இருக்க வேண்டும்.

கல், கம்பி, மூட்டை

செங்கல்: 9 அங்குலம், நாலரை அங்குலம், 3 அங்குலம் என்று சொல்லி விற்பார்கள். எட்டரை, 4, இரண்டே முக்கால் என்று குறைந்தால் 1,000 கல்லுக்கு 770 கல் அளவுதான் கிடைக்கும். மீதியை கலவை தின்னும். இரண்டு கல்லை தட்டினால் கணீர் என்று ஓசை வர வேண்டும். எடை போட்ட கல்லை ஒரு நாள் தண்ணீரில் ஊற வைத்து மறுபடி எடை போடுங்கள். 3 கிலோ கல் 600 கிராமுக்கு மேல் தண்ணீர் குடித்தால் வேண்டாம்.

கம்பி: 12 மீட்டர் நீள கம்பி ஒன்று 8 எம்.எம். 4.7 கிலோ, 10 எம்.எம். 7.4 கிலோ, 12 எம்.எம். 10.7 கிலோ, 16 எம்.எம். 19 கிலோ இருக்க வேண்டும். கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். 12 எம்.எம். கம்பிக்கு 5 சதவீதம் வரை விதி அனுமதிக்கிறது. எண்ணி வாங்கினால் ஒரு கம்பியையாவது தராசில் போடுங்கள். எடைக்கு வாங்கினால் பணம் தப்பும். ஆனால் கம்பி மெலிந்திருந்தால் தளத்தின் பலம் போய்விடும். ஐ.எஸ்.ஐ. முத்திரை அவசியம்.

சிமெண்டு: மூட்டையில் தயாரித்த வாரமும் ஆண்டும் அச்சிட்டிருப்பார்கள். 3 மாதத்துக்கு மேல் பழசு வேண்டாம். கை விட்டு பார்த்தால் குளிர்ச்சியாக, கட்டி இல்லாமல் இருக்க வேண்டும். தரையில் போடாமல் பலகை மேல் அடுக்குங்கள்.

எங்கே புகார் செய்வது?

எடை, அளவு குறைந்தால் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவு பிரிவில் புகார் தரலாம். மோசமான சரக்குக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. ரூ.5 லட்சம் வரை மதிப்புள்ள சரக்குக்கு மனு கட்டணம் கிடையாது. வக்கீல் வைக்காமல் நாமே மனு கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

எல்லாவற்றுக்கும் பில் வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதி கொடுப்பது செல்லாது. பில்லில் எத்தனை யூனிட், என்ன தேதி, லாரி நம்பர் என்ன என்று எழுதி வாங்குங்கள். டிரைவர் அவசரப்படுத்துவார். "மேஸ்திரி பாத்துப்பார்" என்று விட்டு விடாமல், லோடு இறங்கும் நேரத்தில் வீட்டு ஆள் ஒருவர் டேப்போடு நிற்பது நல்லது.