இரத்தக் குழாய்களுக்கு வழி சொல்வது யார்?

இரத்தக் குழாய்களை ஊர்க் குடிநீர்க் குழாய்களோடு ஒப்பிடுவது வழக்கம். எனக்கு அந்த உவமையில் உடன்பாடில்லை. குடிநீர்க் குழாய் பதித்தபின் அப்படியே கிடக்கும். இரத்தக் குழாயோ செல்கள் தமக்குள் பரிமாறும் செய்திகளால் வளர்வது. அச்செய்திகள் நின்றால் நலிவது.

முதல் செய்தி பற்றாக்குறையிலிருந்து பிறக்கிறது. திசுவில் பிராணவாயு குறைந்தால், செல்களில் ஹெச்.ஐ.எஃப் என்ற புரதம் சிதையாமல் சேர்கிறது. அதன் தூண்டுதலால் வி.இ.ஜி.எஃப் என்ற இன்னொரு புரதம் சுரக்கிறது. பக்கத்துக் குழாயின் உட்சுவர்ச் செல்களில் ஒன்று அதை உணர்ந்து, 'முனைச் செல்' ஆகி, மெல்லிய நீட்சிகளால் துழாவியபடி வி.இ.ஜி.எஃப் மிகுந்த திசையில் நகர்கிறது. எல்லாச் செல்களும் இப்படிக் கிளம்பிவிட்டால் குழாய் ஏது? ஆகவே முனைச் செல் தன் டி.எல்.எல்.4 புரதத்தால் அண்டைச் செல்லின் 'நாட்ச்' ஏற்பியைத் தூண்டி, அது முனையாவதைத் தடுக்கிறது. தடுக்கப்பட்டவை பின்னாலிருந்து பெருகிக் குழாயை நீட்டுகின்றன.

வளர்ந்த குழாயைப் பெரிசைட் என்னும் செல்கள் வெளியே தழுவிக்கொள்கின்றன. அவை தரும் ஆஞ்சியோபொயட்டின்-1, உட்சுவர்ச் செல்களை ஒழுகாமல் அமைதியாக இருக்கச் செய்கிறது.

இங்கே அளவுதான் எல்லாம். 1996-இல் வெளிவந்த ஆய்வுகளில், எலிக்கருவில் வி.இ.ஜி.எஃப் மரபணுவின் இரு பிரதிகளில் ஒன்றை நீக்கியதுமே கரு இறந்தது. பாதி போதவில்லை. மிகுந்தாலும் கேடுதான். புற்றுக்கட்டி தனக்கென்று குழாய்களை வரவழைத்தே பெருக்கிறது என்று ஜூடா ஃபோக்மன் 1971-இல் எழுதினார். அந்தச் சிந்தனையின் வழியில், வி.இ.ஜி.எஃப்-ஐத் தடுக்கும் பெவாசிஸுமாப் என்ற மருந்துக்கு 2004-இல் அமெரிக்கா அனுமதி அளித்தது. அம்மருந்து பெறுவோரில் சிலருக்கு இரத்த அழுத்தம் ஏறுகிறது. சிறுநீரில் புரதம் கசிகிறது. முதிர்ந்த குழாய்களுக்கும் இச்செய்தி வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நீரிழிவில் நுண்குழாய்கள் அடைபட, பிராணவாயு குறைந்த விழித்திரை வி.இ.ஜி.எஃப்-ஐ மிகையாகச் சுரக்கிறது. அதனால் முளைக்கும் பலவீனமான குழாய்கள் கசிந்து பார்வையைப் பறிக்கின்றன. வி.இ.ஜி.எஃப்-ஐத் தடுக்கும் ஊசிகள் இன்று பலருடைய பார்வையைக் காக்கின்றன. ஆனால் தொடக்கத்தில் இந்நோய் எந்த அறிகுறியும் காட்டாது. நீரிழிவு நம் குடும்பங்களில் அரிதல்ல என்பதால் சொல்கிறேன்: கண் தெளிவாகத் தெரிகிறதே என்று விழித்திரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.