பின்லாந்து ஏன் ஜெர்மனி ஆகவில்லை?

வலதுசாரி எழுச்சி பற்றிப் பேச்சு வந்தாலே நண்பர்கள் ஒரே காரணத்தைத்தான் சொல்வார்கள்: பொருளாதாரம் படுத்துவிட்டது, ஜனங்களுக்குக் கோபம். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். 1930களின் பின்லாந்தைப் பற்றிப் படித்த பிறகு அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது.

பின்லாந்தில் கோபத்துக்கா பஞ்சம்? 1918 உள்நாட்டுப் போரில் 30,000 பேருக்கு மேல் செத்திருந்தார்கள். உலகப் பொருளாதார வீழ்ச்சியில் விவசாயிகளின் பண்ணைகள் ஏலத்துக்கு வந்தன. 1929 இறுதியில் லாபுவா என்ற ஊரில் கம்யூனிஸ்ட் எதிர்ப்பு இயக்கம் ஒன்று கிளம்பியது. அடுத்த ஜூலையில் சுமார் 12,000 பேர் ஹெல்சின்கிக்கு ஊர்வலம் போனார்கள். அக்டோபரில் நாட்டின் முதல் குடியரசுத் தலைவர் ஸ்டோல்பெர்க்கையும் அவர் மனைவியையும் இயக்கத்துக்காரர்கள் கடத்தினார்கள்.

அந்த இயக்கத்தின் ஆதரவோடுதான் 1931இல் பழமைவாதியான ஸ்வின்ஹூவுட் குடியரசுத் தலைவர் ஆனார். அவரிடம் தோற்றவர் அதே ஸ்டோல்பெர்க். 151 வாக்குகளுக்கு 149. இனி என்ன நடக்கும் என்று நமக்கே தெரியும் போல இருக்கிறது, இல்லையா?

நடக்கவில்லை. 1932 பிப்ரவரி இறுதியில், அரசு பதவி விலக வேண்டும் என்று மேன்ட்சேலாவில் ஆயுதங்களோடு கூடினார்கள். மார்ச் 2 அன்று ஸ்வின்ஹூவுட் வானொலியில் பேசினார். வீட்டுக்குப் போங்க, போகிறவர்களுக்குத் தண்டனை இல்லை, தலைவர்கள் மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் சாரம். ராணுவம் அரசின் பக்கம் நின்றது. சில நாட்களில் கூட்டம் கலைந்தது. கம்யூனிஸ்டுகளை ஒடுக்க லாபுவாக்காரர்கள் கேட்டு வாங்கிய சட்டத்தை வைத்தே அவர்களுடைய இயக்கம் தடை செய்யப்பட்டது.

ஜெர்மனியில் நாஜிகள் இதைவிடப் பல மடங்கு பெரிய கட்சி, உண்மைதான். ஆனால் 1932 ஜூலையில் 37 சதவீதம் வாங்கியவர்கள் நவம்பரில் 33க்கு இறங்கியிருந்தார்கள். பெரும்பான்மை ஒருபோதும் கிடைக்கவில்லை. இந்த ஆளை நம்ம கைக்குள்ள வச்சுக்கலாம் என்று பாப்பன் போன்ற பழமைவாதிகள் கணக்குப் போட்டார்கள். குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் சம்மதித்தார். 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லர் பிரதமரானது அப்படித்தான்.

ஸ்வின்ஹூவுட்டை நாயகனாக்க வேண்டாம். கம்யூனிஸ்டுகளை ஒடுக்கிய சட்டங்கள் வந்தபோது பிரதமரே அவர்தான். தனக்கு ஏணியாக இருந்தவர்களிடம் ஓர் எல்லையில் "போதும்" என்றார், அவ்வளவுதான். அந்த எல்லை பாப்பனுக்கு இல்லை.

அதனால் இப்போதெல்லாம் ஒரு நாட்டின் தேர்தல் செய்தியைப் படிக்கும்போது தீவிர வலதுசாரிகள் எத்தனை சதவீதம் என்பதோடு நிறுத்துவதில்லை. பக்கத்தில் இருக்கும் பழைய, மரியாதையான கட்சி அவர்களைப் பற்றி என்ன சொல்கிறது என்று தேடுகிறேன். அதைப் பார்த்த பிறகுதான் பயப்படுவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறேன்.