மத்திய இங்கிலாந்து வெப்பநிலைத் தொடர்

வெப்பமானியால் அளந்து எழுதப்பட்ட வெப்பநிலைப் பதிவுகளுள் உலகிலேயே மிக நீண்டது. லங்காஷயர், லண்டன், பிரிஸ்டல் ஆகியவற்றுக்கு இடைப்பட்ட முக்கோண நிலப்பரப்பின் சராசரி வெப்பநிலையை 1659 முதல் மாதவாரியாகவும், 1772 முதல் நாள்வாரியாகவும் தருகிறது.

தோற்றம்

இத்தொடரை உருவாக்கியவர் புவியியலாளர் கோர்டன் மான்லி (1902–1980). பழைய நாட்குறிப்புகளிலும் வானிலை ஆர்வலர்களின் ஏடுகளிலும் சிதறிக் கிடந்த அளவீடுகளைத் திரட்டி, 1698 முதலான தொடரை 1953இல் வெளியிட்டார். 1659 வரை பின்னோக்கி நீட்டிய தொடரை 1974இல் வெளியிட்டார். இன்று பிரிட்டனின் ஹாட்லி மையம் இதைப் பேணி வருகிறது.

நம்பகத்தன்மை

தொடர் முழுவதும் ஒரே தரமுடையதன்று. தொடக்ககால வெப்பமானிகள் பல, கணப்பு இல்லாத அறைகளுக்குள் தொங்கின. வெளிக்காற்றின் கடுங்குளிரை அவை முழுமையாகக் காட்டவில்லை. 1722க்கு முந்திய சில ஆண்டுகளுக்கு உள்நாட்டுப் பதிவுகள் போதாமையால் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரப் பதிவுகள் துணையாயின. 1752இல் பிரிட்டன் நாட்காட்டியை மாற்றியபோது விடுபட்ட 11 நாட்களையும் கணக்கில் கொள்ள வேண்டியிருந்தது. நகர வளர்ச்சியால் கூடும் வெப்பத்துக்கு 1974 முதல் திருத்தம் செய்யப்படுகிறது.

நீளத்தின் பயன்

ஓரிடத்தின் இயல்பு நிலையைக் கணிக்க உலக வானிலை அமைப்பு 30 ஆண்டுச் சராசரியைக் கொள்கிறது. ஆனால் போக்கை அறிய அந்தக் கால அளவு போதாது என்பதற்கு இத்தொடரே சான்று. 1690களின் கடுங்குளிருக்குப் பின் வெப்பம் ஏறி, 1730கள் மிதமாக அமைந்தன. அந்த நாற்பது ஆண்டுகளை மட்டும் பார்ப்பவர், இங்கிலாந்து இடைவிடாது வெப்பமாகிறது என்றே முடிவுகட்டியிருப்பார். 1740இலோ ஆண்டுச் சராசரி 6.8 டிகிரி செல்சியசுக்குச் சரிந்தது. தொடரிலேயே மிகக் குளிர்ந்த ஆண்டு அது.

இயற்கையான ஏற்ற இறக்கம் எவ்வளவு என்பதை இப்படிப் பல தலைமுறைப் பதிவு காட்டுவதால்தான், அதை மிஞ்சிய மாற்றத்தையும் உறுதியாகச் சொல்ல முடிகிறது. 2022இல் ஆண்டுச் சராசரி, தொடரின் வரலாற்றில் முதன்முறையாக 11 டிகிரியைத் தாண்டியது.