திருநகருக்கு வைஸ் சிட்டி வந்த வழி

‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: வைஸ் சிட்டி’ என்ற வீடியோ கேம் 2002 அக்டோபர் இறுதியில் அமெரிக்காவில் வெளியானது. எடின்பரோவிலுள்ள ராக்ஸ்டார் நார்த் நிறுவனம் அதை முதலில் பிளேஸ்டேஷன் 2 கருவிக்காக உருவாக்கியது. கணினிப் பதிப்பு 2003 மே மாதம் வந்தது. மதுரைக்குத் தென்மேற்கே, பசுமலையைத் தாண்டித் திருமங்கலம் சாலையில் இருக்கும் திருநகர் போன்ற புறநகர்களில் பள்ளிப் பிள்ளைகள் பலர் அதை முதன்முதலாக ஆடியபோது ஏறக்குறைய பத்து ஆண்டுகள் கடந்துவிட்டன. உலகம் ஆடி முடித்த ஒரு விளையாட்டு இங்கே புதுசாக வந்து இறங்கியது. அதற்கான காரணங்கள் வரி, விலை, மின்சாரம், அரசுத் திட்டம் எனப் பல.

முந்தைய தலைமுறைக்கும் இதே கதைதான். ஜப்பானில் நின்டெண்டோவின் ஃபேமிகாம் கருவி 1983இல் விற்பனைக்கு வந்தது. ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ 1985இலும், ‘கான்ட்ரா’வின் ஃபேமிகாம் பதிப்பு 1988இலும் வெளியாயின. இந்தியாவில் இறக்குமதி வரி கடுமையாக இருந்ததால் அசல் கருவிகள் மதுரை மாதிரியான ஊர்களை எட்டவே இல்லை. 1995இல் ஷா வாலஸ் நிறுவனம் சேகா கருவிகளை இந்தியாவில் விற்கத் தொடங்கியும் விலை நடுத்தரக் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. இடைவெளியை நிரப்பியவை ஃபேமிகாமை நகலெடுத்த கருவிகள். சாமுராய், லிட்டில் மாஸ்டர் போன்ற பெயர்களில் 1990களில் கிடைத்த அவற்றை வீட்டில் ‘டிவி கேம்’ என்றார்கள்.

டிவியின் பின்னாலிருந்து ஆன்டெனா வயரைப் பிடுங்கிவிட்டு கேம் கருவியின் வயரைச் சொருக வேண்டும். பிறகு டியூனரைத் திருகித் திருகிப் படம் தெரியும் சேனலைப் பிடிக்க வேண்டும். கேசட் வேலை செய்யாவிட்டால் எடுத்து ஊதிவிட்டு மறுபடி போடுவார்கள். கேசட்டின் மேல் 9999999 விளையாட்டுகள் என்று அச்சிட்டிருக்கும். உள்ளே இருப்பவை சில மட்டுமே, அவையே பெயரும் தொடக்க இடமும் மாறித் திரும்பத் திரும்ப வரும். விட்ட இடத்தைச் சேமித்து வைக்கும் வசதி மாரியோவிலும் கான்ட்ராவிலும் இல்லை. கரண்ட் போனால் முதலிலிருந்துதான். 2006இல் தமிழக அரசு தொடங்கிய இலவசத் தொலைக்காட்சித் திட்டம் 14 அங்குல வண்ணப் பெட்டிகளை எளிய வீடுகளுக்கும் கொண்டு சேர்த்ததால், வெளியாகி இருபது ஆண்டு ஆன இந்த விளையாட்டுகளுக்குப் புதிய ஆட்டக்காரர்களும் கிடைத்தார்கள்.

அடுத்த வாசல் பிரவுசிங் சென்டர். 1995 ஆகஸ்ட் 15 அன்று அரசு நிறுவனமாக இருந்த விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. 2000க்குப் பிறகு பஸ் ஸ்டாப்புகளையும் கல்லூரிகளையும் ஒட்டி பிரவுசிங் சென்டர்கள் பெருகின. தேர்வு முடிவு, விண்ணப்பம், பிரின்ட் அவுட் என்று தொழில் நடந்தது. மற்ற நேரத்தில் மணிக்கணக்கில் காசு கொடுத்துச் சிறுவர்கள் ‘ரோட் ரேஷ்’, ‘ஐஜிஐ’, ‘கவுன்டர் ஸ்ட்ரைக்’ ஆடினார்கள். வைஸ் சிட்டியையும் முதலில் கண்ணால் பார்த்தது பலருக்கு அங்கேதான். ஆனால் அதை அங்கே முறையாக ஆடி முடிப்பது கடினம். மணிக்கணக்கு முடிந்தால் எழுந்துவிட வேண்டும். அடுத்து உட்காருபவர் தன் ஆட்டத்தை அதே இடத்தில் சேமித்துவிட்டால் முந்தையவரின் உழைப்பு போயிற்று. 2011இல் மத்திய அரசு கொண்டுவந்த சைபர் கஃபே விதிகள் அடையாளச் சான்று, வருகைப் பதிவேடு, நாலரை அடிக்கு மிகாத தடுப்பு என்று கட்டுப்பாடுகள் விதித்தன. பெரியவர் துணையின்றிச் சிறுவர்கள் தடுப்பறைகளில் உட்காரவும் கூடாது என்றன.

அதே 2011இல் இரண்டு மாற்றங்கள் நடந்தன. பேரூராட்சியாக இருந்த திருநகர் மதுரை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர்களுக்கு மாநில அரசு நிறுவனமான எல்காட் வழியாகக் கணினிகள் வந்தன. முதல் ஆண்டுக்கான இலக்கே சுமார் 9 லட்சம். வீட்டில் அதுவரை ‘சிஸ்டம்’ இல்லாத குடும்பங்களுக்கு அதுவே முதல் கணினி.

அந்தக் கணினியின் திறன்தான் எந்தக் காலத்து விளையாட்டை ஆடுவது என்பதைத் தீர்மானித்தது. 2 ஜிபி நினைவகமும் 320 ஜிபி வட்டும் இருந்தன. தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. அந்த ஆண்டு உலகம் ஆடிக்கொண்டிருந்த ‘பேட்மேன்: ஆர்க்கம் சிட்டி’ போன்றவை இதில் நகர மறுத்தன. வைஸ் சிட்டி கேட்டதோ 800 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் 3, 128 எம்பி நினைவகம், 32 எம்பி வீடியோ கார்டு. 2002ஆம் ஆண்டின் விளையாட்டு 2011ஆம் ஆண்டின் இலவசக் கணினியில் வழுக்கிக்கொண்டு ஓடியது. மாணவர்கள் தேடிப் பிடித்த பழமை இல்லை இது. அவர்களின் கருவியில் ஓடியதில் சிறந்தது இதுவாக இருந்தது. 2012இல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்தபோது டிவியும் மின்விசிறியும் நின்ற வீட்டில் பேட்டரி இருக்கும்வரை ஓடியது மடிக்கணினிதான்.

விளையாட்டு பென்டிரைவில் கைமாறியது. ஒருவர் வைத்திருந்தால் வகுப்புக்கே ‘ஏத்தி’த் தருவார். பெரும்பாலும் அது சுருக்கப்பட்ட திருட்டுப் பிரதி. இடம் மிச்சம் பிடிக்கப் பல பிரதிகளில் ரேடியோவையும் வசனங்களின் ஒலியையும் வெட்டியிருந்தார்கள். வைஸ் சிட்டியின் உயிரே காரில் ஒலிக்கும் ரேடியோதான். 1986ஆம் ஆண்டின் மயாமியை அது மைக்கேல் ஜாக்சன் உள்ளிட்டோரின் பாடல்களால் கண்முன் நிறுத்தியது. இங்கே பலரும் ஆடியது ரேடியோ ஊமையான பதிப்பு. பாத்திரங்கள் வாயசைப்பார்கள், குரல் வராது. ஆனால் கணினிப் பதிப்பில் எம்பி3 என்றொரு ஃபோல்டர் உண்டு. அதில் போடும் பாட்டு காரில் ஒலிக்கும். அதில் தமிழ்ப் பாட்டுகளைப் போட்டுக் கடற்கரைச் சாலையில் வண்டி ஓட்டியவர்கள் உண்டு.

கதை புரியாதவர்களும் விளையாட்டில் வரும் ஊரை அறிந்தார்கள். எங்கே துப்பாக்கி கிடைக்கும், எந்தத் தெருவில் வண்டிக்குப் பெயின்ட் அடித்தால் போலீஸ் விடும், ஓஷன் வியூ ஹோட்டலில் சுழலும் கேசட்டைத் தொட்டால்தான் ஆட்டம் ‘சேவ்’ ஆகும் என்பதெல்லாம் வாய்வழியாகப் பரவின. நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆட்டத்தை எளிதாக்கும் சீட் கோடுகள் இருக்கும்: பான்சர் என்று அடித்தால் ராணுவ டாங்கி, ஆஸ்பிரின் என்றால் உடல்நலம், லீவ் மீ அலோன் என்றால் துரத்தும் போலீஸ் விலகும்.

அவற்றால் தீராத சிக்கலும் ஒன்று இருந்தது. கட்டுமானத்தில் இருக்கும் ஒரு கட்டடத்துக்குள் பொம்மை ஹெலிகாப்டரை ஓட்டி நான்கு குண்டுகளை வைக்கும் மிஷன் அது. முதல் குண்டை எடுத்ததும் நேரம் ஓடத் தொடங்கும். கணினிப் பதிப்பில் ஹெலிகாப்டரைச் சாய்த்துத் திருப்ப விசைப்பலகையின் வலப்பக்க எண் பொத்தான்கள் வேண்டும். 14 அங்குல மடிக்கணினிகளில் அந்தப் பகுதியே பொதுவாக இருக்காது. செட்டிங்ஸில் போய் வேறு பொத்தான்களுக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பது தெரியாமல் அந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டவர்கள் ஏராளம்.

பிரிட்டனில் இந்த விளையாட்டு 18 வயதுக்கு மேற்பட்டோருக்கென முத்திரையிடப்பட்டது. பென்டிரைவில் வந்த பிரதிக்கு அட்டையும் கிடையாது, முத்திரையும் கிடையாது. கொலையும் போதைக் கடத்தலும் நிறைந்த கதை என்று பெற்றோருக்குச் சொல்ல ஆள் இல்லை. கணினியின் முன் உட்கார்ந்தால் பிள்ளை படிக்கிறது என்றே நினைத்தார்கள். இந்தத் தாமத வருகையில் உண்மையிலேயே கவலைக்குரிய பகுதி இதுதான்.

2012 டிசம்பரில் வைஸ் சிட்டி கைப்பேசிக்கு வந்தது. 2016 செப்டம்பரில் ஜியோ டேட்டா விலையைச் சரித்த பிறகு பென்டிரைவின் வேலை குறைந்தது. 2021 நவம்பரில் புதுப்பித்த பதிப்பு வெளியாகும் முன் பழைய கணினிப் பதிப்பை நிறுவனம் கடைகளிலிருந்து எடுத்தது. புதியதன் குறைகள் குறித்து எதிர்ப்பு எழவே பழையதையும் தன் கடையில் மீண்டும் வைத்தது. 2023 டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸ் சந்தாதாரர்களின் கைப்பேசிகளுக்கும் வந்தது. முதல் பதிப்பில் ஒரு மிஷனில் தோற்றால் அதைக் கொடுத்தவரிடம் மறுபடி போக வேண்டும். புதுப்பித்த பதிப்பில் ஹெலிகாப்டர் மிஷன் உட்பட எதையும் அதே இடத்தில் உடனே திரும்ப ஆரம்பிக்கலாம்.